நான்காம் அத்தியாயம்: நீர் இறங்கும் வழியும் உரம் ஏறும் வழியும்

ஒரு கிராமத்தின் செழுமைக்கு ஆதாரம் மண் என்பார் சிலர். நீர் என்பார் சிலர். ஏரிப் பாசனத்தை நம்பி வாழும் ஊராருக்கோ இவ்விரண்டையும் பிரித்துப் பேசுவது ஆகாத காரியம் என்பது அநுபவத்தில் தெரியும். மேட்டில் பெய்த மழை ஓடையாகி, ஓடை வரத்துக்காலில் சேர்ந்து, வரத்துக்கால் ஏரியை நிரப்பி, ஏரி மதகின் வழியே வயலுக்கு இறங்கி, வயலின் மிச்ச நீர் வடிகாலில் விழுந்து அடுத்த ஊரின் ஏரியை நோக்கிச் செல்லும்போது, அந்த நீர் தனியாகச் செல்வதில்லை. மேட்டு மண்ணின் நுண்பொடியையும், மக்கிய சருகின் சாரத்தையும், ஆடுமாடுகளின் எச்சத்தையும், பயிருக்கு உணவாகும் உப்புக்களையும் தன்னோடு சேர்த்துக்கொண்டே செல்கிறது.

நீருக்கும் உரத்துக்கும் இந்தப் பயணத்தில் ஒரு முக்கியமான பேதம் உண்டு. கீழே இறங்கிய நீரை மீண்டும் மேலே ஏற்றுவதற்குச் சூரியன் இருக்கிறான். கடலின் பரப்பிலிருந்தும் ஏரியின் பரப்பிலிருந்தும் கோடானுகோடி இலைகளின் நுண்துளைகளிலிருந்தும் ஜலத்தை ஆவியாக்கி, மேகமாக்கி, மறுபடியும் மேட்டின்மேல் பொழியச் செய்கிற அந்தப் பெரும் பணி, மனிதர் கேளாமலே ஆண்டுதோறும் நடைபெறுகிறது. நீரோடு இறங்கிய உரச்சத்துக்கு அத்தகைய உதவி பெரும்பாலும் கிடைப்பதில்லை. ஏரியின் அடியில் படிந்த வண்டலும், வயலிலிருந்து வடிந்த சாரமும் வெயிலால் எழும்பி மேட்டுக்குத் திரும்புவதில்லை. அவற்றை ஏற்றுவன உயிர்களே: ஆழத்தில் வேரோட்டி உறிஞ்சும் மரம், தாழ்நிலத்தில் மேய்ந்து மேட்டில் அடையும் ஆடு, ஊர் ஊராகப் பறந்து இரை தேடிக் கூடு திரும்பும் பறவை, வண்டலை வண்டியில் ஏற்றிச் செல்லும் உழவன்.

ஆதலின், நீரை மெல்ல இறங்கச் செய்வதும் உரத்தை இடைவிடாது ஏறச் செய்வதுமே ஒரு நிலத்தைப் பரிபாலிப்பதன் சாரம். இந்த அத்தியாயம், தொண்டைமண்டலத்தின் ஏரிப் பாசன ஊர் ஒன்றை மனத்தில் கொண்டு, மேட்டிலிருந்து வடிகால் வரையில் அந்த இரு வேலைகளையும் எவ்வாறு செய்வது என்பதைப் படிப்படியாக விளக்குகிறது.

முதலில் மழையை அளந்து பாருங்கள்

எந்தக் கணக்குக்கும் வரவு தெரிய வேண்டும். நீர்க்கணக்கில் வரவு என்பது மழையே. தமிழ்நாட்டில் ஆண்டொன்றுக்குச் சராசரியாக 900 மில்லிமீட்டருக்குச் சற்று மேற்பட்ட மழை பெய்கிறது. அதில் ஏறத்தாழப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவக்காற்றின் கொடை. கடற்கரை மாவட்டங்களிலோ ஆண்டு மழையில் பாதிக்கு மேலேயே அந்தச் சில வாரங்களில் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. மூன்று மாதங்களில் வருவதைப் பன்னிரண்டு மாதங்களுக்கு வைத்துக்கொள்ள வேண்டிய இந்த நிர்ப்பந்தமே, இந்நாட்டில் சுமார் 39,000 ஏரிகளையும் கண்மாய்களையும் நம் முன்னோர் வெட்டுவதற்குக் காரணமாயிற்று.

அளக்கும் முறை எளிது. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர் நீர். ஓர் ஏக்கர் என்பது 4,047 சதுர மீட்டர். ஆகவே 25 மில்லிமீட்டர் மழை பெய்த அன்று உங்கள் ஒவ்வோர் ஏக்கரிலும் சுமார் ஒரு லட்சம் லிட்டர் ஜலம் இறங்கியிருக்கிறது. நேர்ச்சுவருள்ள ஒரு பாத்திரத்தைத் திறந்த வெளியில் வைத்து, ஒவ்வொரு நாள் காலையிலும் அதில் நின்ற நீரின் ஆழத்தை அளவுகோலால் பார்த்து நோட்டில் எழுதி வாருங்கள். மரத்தடியும் கூரையோரமும் இதற்கு உதவா.

செலவையும் இவ்வாறே பார்க்கலாம். கோடையில் ஏரியின் பரப்பிலிருந்து நாளொன்றுக்கு 5 முதல் 8 மில்லிமீட்டர் வரை நீர் ஆவியாகிறது. 6 மில்லிமீட்டர் என்றே கொண்டாலும், 10 ஏக்கர் நீர்ப்பரப்பிலிருந்து ஒரே நாளில் ஏறத்தாழ 2.4 லட்சம் லிட்டர் ஆகாயத்துக்குப் போகிறது. ஏரி ஆழமிழந்து தட்டையாகப் பரந்து கிடக்கும்போது இந்த நஷ்டம் மிகுகிறது; அதே நீர் ஆழமாகவும் குறுகிய பரப்பிலும் நின்றால் நஷ்டம் குறைகிறது. ஏரியைத் தூர் எடுப்பதற்கு இது ஒரு காரணம். இன்னொரு காரணத்தைப் பின்னால் காண்போம்.

மூன்று சத்துக்கள், மூன்று சுபாவங்கள்

பயிருக்கு வேண்டிய சத்துக்கள் பல. ஆயினும் உழவர் நாள்தோறும் கவலைப்பட வேண்டியவை தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து என்ற மூன்றுமே. இவற்றின் சுபாவம் ஒன்றுக்கொன்று வேறானது. அதை அறியாமல் மூன்றையும் ஒரே விதமாகக் காக்க முயல்வது வீண் சிரமம்.

தழைச்சத்து ஆகாயத்தின் பிள்ளை. நாம் சுவாசிக்கும் காற்றில் 78 சதவீதம் நைட்ரஜனே. ஆனால் அந்த உருவத்தில் அதைப் பயிர் உண்ண முடியாது. பயறு வகைகளின் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் அதைப் பிடித்துப் பயிருக்கு ஏற்ற உணவாக்குகின்றன என்பதை ஜெர்மானிய விஞ்ஞானிகளான ஹெல்ரீகலும் வில்ஃபார்த்தும் 1880களில் சோதனைகளால் நிரூபித்தார்கள். நெல் வயலின் தேங்கிய நீரில் வளரும் நீலப்பச்சைப் பாசியும் இந்த வேலையைச் செய்கிறது என்பதை வங்காளத்து விஞ்ஞானி டே 1939இல் எடுத்துக்காட்டினார். ஆகாயத்திலிருந்து வந்த இச்சத்து ஆகாயத்துக்கே திரும்பவும் விரும்புவது. வெயிலில் கிடக்கும் சாணத்திலிருந்தும் மூத்திரத்திலிருந்தும் அது அம்மோனியா வாயுவாகப் பறந்துபோகிறது.

சாம்பல்சத்து நீரின் தோழன். அது இலையிலும் தண்டிலும் கரைந்த நிலையில் இருப்பதால், மழை பட்டாலே வைக்கோற்போரிலிருந்து கசிந்து வெளியேறும். அறுவடையான நெற்பயிரில் உள்ள சாம்பல்சத்தில் பெரும்பங்கு தானியத்தில் அல்ல, வைக்கோலிலேயே இருக்கிறது. ஒரு டன் வைக்கோலில் 12 முதல் 17 கிலோ சாம்பல்சத்து உண்டு. வைக்கோலை எங்கே விட்டுவைக்கிறோம் என்பது, இந்தச் சத்தை எங்கே விட்டுவைக்கிறோம் என்பதே.

மணிச்சத்து மண்ணின் குடி. அதற்கு வாயு உருவம் இல்லை. காற்றிலிருந்து அதைப் பிடிக்கும் உயிரும் இல்லை. பாறை தேய்ந்து மண்ணாகும்போது மெல்ல வெளிப்பட்டு, களிமண்ணின் நுண்துகள்களை இறுகப் பற்றிக்கொண்டு கிடப்பது அதன் இயல்பு. மேல்மண் அரித்துப் போகும்போது அதுவும் உடன்போய், ஏரி வண்டலில் படிகிறது. அங்கிருந்தும் தப்பினால் ஆற்றின் வழியே கடலை அடைகிறது. கடலடியில் படிந்தது மறுபடியும் தரையாக எழுவதற்கு மனித சரித்திரத்தைப் போலப் பன்மடங்கு நீண்ட காலம் வேண்டும். ஆகவே மூன்றினுள் மிகுந்த சிக்கனத்துடன் காக்கப்பட வேண்டியது மணிச்சத்து. அதைக் காப்பதற்கு வழி மண்ணைக் காப்பதே.

மேடு: நீரை நடக்க விடுங்கள், ஓட விடாதீர்கள்

ஏரிக்கு மேலே உள்ள நீர்ப்பிடிப்புப் பகுதியைப் பெரும்பாலான ஊர்களில் எவருக்கும் சொந்தமில்லாத வெற்று நிலமாகவே கருதிவருகிறார்கள். உண்மையில் ஏரியின் ஆயுளும் வயலின் வளமும் அங்கேதான் நிர்ணயமாகின்றன. புல்லும் புதரும் சருகும் மூடிய மேட்டில் விழுந்த மழைத்துளி, வேகம் தணிந்து மண்ணுக்குள் இறங்கி, ஒரு பகுதி வேர்களுக்கு உணவாகி, ஒரு பகுதி கிணறுகளுக்கு ஊற்றாகி, எஞ்சியது தெளிந்த நீராக ஓடையில் சேர்கிறது. வெறுமையாக்கப்பட்ட மேட்டிலோ அதே துளி மண்ணை இடித்துக் கலக்கி, சிவந்த வெள்ளமாகப் பாய்ந்து, ஒரே இரவில் ஏரியை மண்ணாலும் நீராலும் நிரப்பிவிடுகிறது.

இதை அளந்தறிந்த சோதனை ஒன்று உண்டு. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், ஹப்பர்ட் புரூக் என்னும் காட்டில், ஒரு சிறு ஓடையின் நீர்ப்பிடிப்பிலிருந்த மரங்களை 1965ஆம் ஆண்டின் இறுதியில் முழுவதும் வெட்டிச் சாய்த்து, அவற்றை அங்கேயே விட்டு, மறுபடி தளிர்க்காதவாறு மருந்தடித்து, ஓடை நீரைத் தொடர்ந்து சோதித்தார்கள். முதல் ஆண்டிலேயே ஓடையில் வடிந்த நீர் ஏறக்குறைய 40 சதவீதம் மிகுந்தது. அந்த நீரில் கரைந்து சென்ற நைட்ரேட்டின் செறிவோ 40 மடங்குக்கு மேல் உயர்ந்தது. மரங்கள் உயிரோடிருந்தவரையில் வேர்கள் பிடித்து வைத்திருந்த சத்து, அவை இல்லாமற்போனதும் நீரோடு புறப்பட்டுவிட்டது. அந்த நாட்டின் குளிர்காடும் நம் ஊரின் முட்புதர் மேடும் வேறு வேறானவை. ஆனால் வேர் இல்லாத மண்ணில் சத்து தங்காது என்னும் நியதி இரண்டுக்கும் பொதுவானது.

மேட்டில் செய்யவேண்டிய வேலைகள் இவை. முதலாவதாக, சரிவுக்குக் குறுக்கே, சமமட்டக் கோட்டை ஒட்டி, சிறு வரப்புகளும் அவற்றின் மேற்புறத்தில் ஆழமற்ற பள்ளங்களும் அமையுங்கள். சமமட்டம் காண, நீர் நிரப்பிய ஒளி ஊடுருவும் ரப்பர்க் குழாயே போதும். குழாயின் இரு முனைகளிலும் நீர் நிற்கும் உயரம் எப்போதும் ஒன்றாகவே இருக்குமாதலால், முனைகளை நிலத்தில் நகர்த்தி நகர்த்திக் கோட்டை அடையாளமிட்டுவிடலாம். இரண்டாவதாக, அந்த வரப்புகளின்மேல் வேம்பு, புங்கம், வாகை, ஆவாரை போன்ற இவ்விடத்து மரஞ்செடிகளை நடுங்கள். இவற்றின் ஆழமான வேர்கள் கீழ்மண்ணின் சத்தை உறிஞ்சி இலைகளில் சேர்க்கின்றன. அந்த இலைகளை வெட்டி வயலுக்குத் தழையுரமாகக் கொண்டுசெல்லும்போது, ஆழத்தில் இருந்த உரம் மேலே ஏறியதாகிறது. மூன்றாவதாக, வரத்துக்கால் ஏரியில் விழுவதற்கு முன்னால், அதன் இருமருங்கிலும் வெட்டிவேர் அல்லது வேறு அடர்ந்த புல்லை வரிசையாக வையுங்கள். பருமணல் அங்கேயே வடிகட்டப்பட்டு நின்றுவிடும்.

ஏரி: சேமிப்பும் பட்டறையும்

ஏரியை நீர்த்தொட்டி என்று மட்டும் கருதுகிறவர் அதன் பயனில் ஒரு பாதியையே காண்கிறார். மேட்டிலிருந்து வந்த சாரம் இங்கே தங்கி, பாசியாகவும் புழுவாகவும் நத்தையாகவும் மீனாகவும் உருமாறி, அவற்றின் கழிவாலும் மடிவாலும் வண்டலாகச் சேர்கிறது. இந்த உண்மையை விஞ்ஞானப் புத்தகங்கள் வருவதற்கு முன்பே கண்டறிந்து, அதைக் காத்த ஒரு கிராமம் நம்மிடையே உண்டு.

செங்கல்பட்டு மாவட்டம் மதுராந்தகம் வட்டத்திலுள்ள வேடந்தாங்கல் ஏரி, சுமார் 30 ஹெக்டேர் பரப்புள்ளது. நீரில் நிற்கும் கடம்ப மரங்களிலும் கருவேல மரங்களிலும், மழைக்காலம் தொடங்கியது முதல் பங்குனி வரையில், நத்தைக்குத்தி நாரையும் நீர்க்காகமும் வக்காவும் கரண்டிவாயனும் அரிவாள்மூக்கனும் கூழைக்கடாவும் ஆயிரக்கணக்கில் கூடு கட்டுகின்றன. இத்தனை பறவைகளுக்கும் இந்த ஓர் ஏரி இரை கொடுத்துவிட முடியாது. அவை சுற்றுப்புறத்து ஏரிகளுக்கும் வயல்களுக்கும் பறந்து சென்று, மீனும் தவளையும் நத்தையும் பிடித்து, குஞ்சுகளுக்காகக் கூட்டுக்குக் கொண்டுவருகின்றன. எங்கெங்கோ தாழ்நிலங்களில் சேர்ந்திருந்த தழைச்சத்தும் மணிச்சத்தும் இவ்வாறு பறவையின் வயிற்றில் ஏறி, எச்சமாக வேடந்தாங்கல் ஏரியில் விழுந்து, மதகின் வழியே அவ்வூர் வயல்களுக்குப் பாய்கின்றன. அந்த நீரைப் பாய்ச்சினால் பயிர் செழிக்கிறது என்று கண்ட குடிகள், பறவைகளைச் சுட வந்தவர்களைத் தடுத்து, 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் செங்கல்பட்டுச் சீமையின் ஆட்சியராயிருந்த லயனல் பிளேஸிடம் பாதுகாப்புக்கான கவுல் என்னும் எழுத்துறுதி ஒன்றையும் பெற்றார்கள். 2022இல் இந்த ஏரி, ஈரநிலங்களுக்கான ராம்சர் உடன்படிக்கையின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. உலகம் இன்று போற்றுகிற அந்தப் பாதுகாப்பின் வேர், தங்கள் வயலுக்கு உரம் எந்த வழியாக வருகிறது என்பதைத் தெளிந்த உழவர்களின் அறிவே என்பதை நாம் மறக்கலாகாது.

உங்கள் ஊர் ஏரியில் பறவைகள் கூடு கட்டாமல் இருக்கலாம். ஆனால் வண்டல் நிச்சயமாக இருக்கும். வெயிற்காலத்தில் ஏரி வற்றியதும் வண்டலை வெட்டி வயலுக்கு அடிப்பது நம் நாட்டின் பழைய வழக்கம். அதனால் ஏரியின் கொள்ளளவும் மீளுகிறது. மேட்டிலிருந்து இறங்கிய மணிச்சத்தும் வயலை அடைகிறது. மணற்பாங்கான நிலத்துக்கு நீர் பிடிக்கும் சக்தியும் உண்டாகிறது. அதைச் செய்யும்போது பின்வரும் விதிகளைக் கடைப்பிடியுங்கள்.

1. எடுப்பதற்கு முன் அதிகாரிகளிடம் முறைப்படி அனுமதி பெறுங்கள். எந்த இடத்தில், எவ்வளவு ஆழம் என்பதை அவர்கள் காட்டியபடியே எடுங்கள்.

2. கரையின் அடியை ஒட்டியும் மதகின் அருகிலும் தோண்டாதீர்கள், கரை பலவீனப்படும். ஏரியின் அடியிலுள்ள இறுகிய களிமண் படுகையையும் உடைக்காதீர்கள். அது உடைந்தால் நீர் நில்லாது.

3. வண்டலைப் பல இடங்களிலிருந்து சிறிது சிறிது எடுத்துக் கலந்து, மண் பரிசோதனை நிலையத்துக்கு அனுப்பி, உப்பும் களரும் இல்லை என்று அறிந்த பின்பே வயலில் இடுங்கள். தொழிற்சாலைக் கழிவு விழும் ஏரியின் வண்டலைத் தொடவே வேண்டாம்.

4. செம்மண்ணுக்கும் மணல் நிலத்துக்கும் வண்டல் மிகவும் ஏற்றது. ஏற்கெனவே களியாயிருக்கும் நிலத்துக்கு அதனால் பிரயோஜனம் குறைவு. ஓர் ஏக்கரில் ஓர் அங்குலக் கனத்துக்குப் பரப்ப ஏறத்தாழ 100 கன மீட்டர் வேண்டும். ஒரே ஆண்டில் அவ்வளவும் இயலாவிட்டால், நிலத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து ஆண்டுக்கு ஒரு பகுதியாக முடியுங்கள்.

வயல்: தேங்கிய நீருக்கடியில் நடப்பது

நெல் வயலில் நீர் நிற்கும்போது, சேற்றின் மேற்பரப்பில் ஒரு மெல்லிய படலம் மட்டுமே காற்றோடு தொடர்பு கொண்டிருக்கிறது. அதற்குக் கீழே காற்று இல்லை. மேலாக விதைத்த யூரியா, அம்மோனியமாக மாறி, அந்த மெல்லிய படலத்தில் நைட்ரேட் ஆகிறது. நைட்ரேட் காற்றில்லாத கீழ்ப்படைக்கு இறங்கியதும், அங்குள்ள நுண்ணுயிர்கள் அதிலுள்ள பிராணவாயுவை எடுத்துக்கொண்டு, தழைச்சத்தை வாயுவாக வெளியேற்றிவிடுகின்றன. விலை கொடுத்து வாங்கிய உரத்தில் ஒரு பங்கு இவ்வாறு, பயிருக்கும் பயன்படாமல், எவர் கண்ணுக்கும் தெரியாமல் ஆகாயத்தில் கலக்கிறது.

இந்த நஷ்டத்தைக் குறைக்க, யூரியாவில் ஐந்தில் ஒரு பங்கு எடையளவு பொடித்த வேப்பம் பிண்ணாக்கைக் கலந்து ஓர் இரவு வைத்திருந்து, மறுநாள் இடுங்கள்; வேம்பின் சத்து நைட்ரேட் உண்டாவதைத் தாமதப்படுத்துகிறது. உரம் முழுவதையும் ஒரே தடவையில் கொட்டாமல், நடவு, தூர் கட்டும் பருவம், கதிர் உருவாகும் பருவம் எனப் பயிரின் பசியை ஒட்டிப் பிரித்து இடுங்கள். இடும்போது வயலில் நீரை வடித்து, இட்ட பிறகு நீர் பாய்ச்சுங்கள். சத்து வேரோரம் இறங்கும். பெருமழை வரும் அறிகுறி தெரிந்தால் உரமிடுவதை ஒத்திப்போடுங்கள். வரப்பைத் தாண்டி வழியும் நீர் உங்கள் உரத்தை அண்டை வயலுக்கும் வடிகாலுக்கும் கொண்டு சேர்த்துவிடும்.

நீரிலும் சிக்கனம் சாத்தியமே. பக்கங்களில் துளையிட்ட 30 சென்டிமீட்டர் நீளக் குழாய் ஒன்றைப் பாதியளவு வயலில் புதைத்து, உள்ளே உள்ள மண்ணை அகற்றிவிட்டால், மண்ணுக்குள் நீர் எந்த மட்டத்தில் இருக்கிறது என்பது அதில் தெரியும். நீர்மட்டம் தரைக்குக் கீழே 15 சென்டிமீட்டர் வரை இறங்கும்வரை காத்திருந்து, பிறகு 5 சென்டிமீட்டர் உயரத்துக்குப் பாய்ச்சினால் போதும். நட்ட முதல் இரண்டு வாரங்களிலும், பூக்கும் பருவத்திலும் மட்டும் வயல் காயாதிருக்க வேண்டும். மிச்சப்பட்ட நீர் ஏரியில் இருக்கும். கடைமடைக்காரருக்கும் ஒரு நனைப்பு கூடுதலாகக் கிடைக்கும்.

அறுவடைக்குப் பின்: போனதைத் திருப்பும் கைகள்

ஒரு டன் நெல் விளைவதற்கு, தானியமும் வைக்கோலும் சேர்ந்து, சுமார் 15 முதல் 20 கிலோ தழைச்சத்தும், 2 முதல் 3 கிலோ மணிச்சத்தும், 15 முதல் 20 கிலோ சாம்பல்சத்தும் நிலத்திலிருந்து எடுக்கின்றன. நெல் சந்தைக்குப் போகிறது. அதனோடு போனது உங்கள் ஊருக்குத் திரும்பாது. ஆனால் வைக்கோலோடு போனது உங்கள் கையிலேயே இருக்கிறது. அதை வயலில் கொளுத்தினால் தழைச்சத்து அடியோடு அழிகிறது. விற்றுவிட்டால் சாம்பல்சத்து ஊரைவிட்டே போகிறது. மாட்டுக்குப் போட்டு, சாணத்தையும் மூத்திரத்தையும் எருக்குழியில் சேர்த்து வயலுக்குத் திருப்பினால் சுழற்சி நிறைவேறுகிறது. மாடு வெளியேற்றும் தழைச்சத்தில் ஏறக்குறையப் பாதி மூத்திரத்திலேயே இருப்பதால், தொழுவத்தில் வைக்கோல் கூளத்தைப் பரப்பி அதை உறிஞ்சச் செய்து, நனைந்த கூளத்தை அன்றாடம் குழியில் போட்டு மண்ணால் மூடுங்கள். எருக்குழிக்கு மேல் ஒரு கூரையும், சுற்றிலும் ஒரு மேடும் அவசியம். மழைநீர் புகுந்தால் சாம்பல்சத்து கரைந்து போகும்.

வைக்கோலை நேராக வயலிலேயே மடக்கி உழுகிறவர்கள் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். வைக்கோலில் கரிச்சத்து மிகுதி, தழைச்சத்து சொற்பம். அதைத் தின்று மக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் தமக்கு வேண்டிய தழைச்சத்தை மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்ளும். ஆகவே உழுத உடனே நட்டால் பயிர் மஞ்சள் பாய்ந்து ஏங்கும். மூன்று நான்கு வாரங்களாவது இடைவெளி விடுங்கள். அல்லது தழைச்சத்து மிகுந்த பசுந்தழையோடு சேர்த்து மடக்குங்கள்.

பசுந்தாள் உரத்துக்கு இந்நிலங்களில் தக்கைப்பூண்டும் சணப்பும் கொழிஞ்சியும் பல காலமாகப் பழகியவை. தக்கைப்பூண்டை ஏக்கருக்கு 20 கிலோ வீதம் விதைத்து, சுமார் 45ஆம் நாள், பூவெடுக்கும் தருணத்தில் மடக்கி உழுங்கள். அதற்குப் பின் தண்டு முற்றி நார் பாய்ந்துவிடும், மக்குவதும் தாமதமாகும். கொழிஞ்சியை ஒருமுறை விதைத்து அதன் நெற்று விழ விட்டுவிட்டால், அடுத்தடுத்த கோடைகளில் தானே முளைக்கும். அறுவடைக்கு ஏழு முதல் பத்து நாட்களுக்கு முன்பு, ஈரமுள்ள நெல் வயலில் உளுந்தும் பச்சைப்பயறும் தெளிப்பது காவிரி டெல்டாவின் வழக்கம். எஞ்சிய ஈரத்தை வீணாக்காமல் ஒரு பயறு விளைவதோடு, ஆகாயத்தின் தழைச்சத்தில் ஒரு பங்கும் மண்ணில் சேர்கிறது.

ஆட்டுக்கிடையை நாம் இன்று ஓரளவு மறந்துவிட்டோம். ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துக் கீதாரிகள் தங்கள் மந்தைகளோடு அறுவடை முடிந்த டெல்டா நிலங்களுக்குப் போய், பகலில் தரிசிலும் புறம்போக்கிலும் மேய்த்து, இரவில் உழவர் காட்டிய வயலில் கிடை போடுவார்கள். மேய்ந்த இடத்தின் சத்து கிடை போட்ட இடத்தில் சேர்வது, பறவை ஏரிக்குச் செய்வதை ஆடு வயலுக்குச் செய்வதேயாகும். ஆட்டு எரு மாட்டு எருவைவிடச் செறிவானது. அதன் மூத்திரமும் வயலிலேயே விழுகிறது. கிடை நகர்ந்த மறுநாளே ஒரு மேலோட்டமான உழவு போடுங்கள். தாமதித்தால் வெயிலில் தழைச்சத்து பறந்துவிடும். கீதாரிக்குப் பேசிய கூலியையும், மந்தைக்குத் தண்ணீரையும் தவறாமல் கொடுங்கள். அடுத்த ஆண்டும் அவர் உங்கள் ஊருக்கு வர வேண்டும்.

சுழற்சி கெடும் இடம்

உரம் குறைவதால் மட்டும் நிலம் கெடுவதில்லை. தங்கக் கூடாத இடத்தில் மிகுவதாலும் நீர் கெடுகிறது. நகரங்களை ஒட்டிய ஏரிகளில் சாக்கடை நீர் விழும்போது, மனிதர் உண்ட உணவின் சத்தனைத்தும் சவர்க்காரத் தூள்களின் உப்புக்களும் அங்கே குவிகின்றன. ஆகாயத்தாமரை பரப்பை மூடுகிறது, அடியில் வெளிச்சமில்லை, மடிந்தவை அழுகும்போது நீரில் கரைந்த பிராணவாயு தீர்ந்து மீன்கள் இறக்கின்றன. ஊரின் கழிவுநீரை ஏரிக்கு முன்பே தேக்கி, சம்பும் கோரையும் வளர்ந்த ஆழமற்ற குட்டைகளின் வழியே மெல்ல நடத்தினால், சத்தில் ஒரு பங்கை அந்தத் தாவரங்கள் பிடித்துக்கொள்ளும். அவற்றை அறுத்து மக்க வைத்தால் எருவாகும். ஆகாயத்தாமரையையும் விதை முற்றுமுன் வாரி, கரையில் எறிந்துவிடாமல் எருக்குழிக்கே கொண்டு போங்கள். கரையில் கிடந்தால் அடுத்த மழை அதன் சத்தை ஏரிக்கே திருப்பிவிடும்.

ஆண்டின் வேலைத்திட்டம்

*சித்திரை, வைகாசி:* வற்றிய ஏரியில் வண்டல் எடுத்தல், வயலில் ஆட்டுக்கிடை, கோடை மழையை ஒட்டிச் சரிவுக்குக் குறுக்கே கோடை உழவு.

*ஆனி, ஆடி:* மேட்டு வரப்புகளையும் வரத்துக்காலையும் செப்பனிடுதல். தக்கைப்பூண்டு, சணப்பு விதைப்பு. மதகுக் கதவும் கலிங்கும் சரிபார்த்தல்.

*ஆவணி, புரட்டாசி:* பசுந்தாள் மடக்குதல்; தொழுவுரம் இடுதல்; சம்பா நடவு.

*ஐப்பசி, கார்த்திகை:* மழை அளவை நாள்தோறும் எழுதுதல். கரையில் இரவுக் காவல். பெருமழை நாட்களில் உரமிடாதிருத்தல். மேட்டில் மரக்கன்று நடுதல்.

*மார்கழி, தை:* முறைவைத்து நீர் விடுதல். குழாய் பார்த்துப் பாய்ச்சுதல். கடைமடையிலிருந்து தொடங்கும் முறையை ஊர்கூடித் தீர்மானித்தல். அறுவடைக்கு முன் பயறு தெளித்தல்.

*மாசி, பங்குனி:* வைக்கோலைக் கொளுத்தாமல் சேமித்தல், எருக்குழி நிரப்புதல், மண் பரிசோதனை.

மாசி முடிவதற்குள், ஊரின் உழவர்கள் ஒருநாள் கூடி, ஒரு பெரிய தாளில் மேடு, வரத்துக்கால், ஏரி, வயல், வடிகால் ஆகிய ஐந்தையும் வரைந்து, அவ்வாண்டில் நீர் இறங்கிய ஒவ்வோர் இடத்திலும் என்ன சத்து உடன் இறங்கியது, அதை யார், எதனால் மேலே ஏற்றினார்கள் என்று எழுதிப் பாருங்கள். நெல் எத்தனை டன் வெளியே போயிற்று, எத்தனை வண்டி வண்டல் உள்ளே வந்தது, எத்தனை இரவு கிடை போட்டது, எத்தனை ஏக்கரில் பசுந்தாள் மடக்கியது என்ற நான்கு எண்களே போதும். இறங்கியது அதிகம், ஏறியது குறைவு என்று தெரியுமானால், குறை எந்த இடத்தில் என்பதையும் அந்தப் படமே காட்டிவிடும். அடுத்த ஆண்டின் முதல் வேலையை அந்த இடத்திலிருந்து தொடங்குங்கள்.